ஏழு மணிக்குள் ஒரு மிஸ்டு கால்

ஜூன் 7, சனி

இன்று வெளியே போய்விட்டு வந்தேன். நூலகத்து மாடி வரைக்கும். அவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நான் திரும்பி வரும்வரை கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பவானிப் பிள்ளைகளையெல்லாம் விசில் அடித்து மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட பி.டி. டீச்சர் திலகமணிக்கு, மாடிப்படி ஏறப் புருஷன் துணை. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கிறது. மனச்சோர்விலும் பதற்றத்திலும் விழுந்து எழுந்துகொண்டிருப்பவர்கள் ஜமக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். எஸ்தர் மேடம் என்ற மனநல ஆலோசகர் நடத்துகிறார். டாக்டர் மாத்திரையோடு இதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார், அதனால் போனேன். நடுவில் ஒரு தட்டு நிறைய முறுக்கு வைத்திருந்தார்கள். அவ்வளவு அமைதியில் முறுக்கைக் கடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

என் முறை வந்ததும் சொன்னேன். போன விளையாட்டு விழாவில் விசிலை வாயில் வைத்தேன், மூச்சு வெளியே வரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை மரத்துப்போனது, செத்தேன் என்றே நினைத்தேன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த வாரம் பஸ்ஸில், காவிரிப் பாலத்துக்கு நடுவில், மறுபடி வந்தது. அதற்கும் ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஒன்றுமில்லைதான் என்னை இத்தனை மாதமாக வீட்டோடு உட்கார வைத்திருக்கிறது.

கடைசியில் எஸ்தர் மேடம் எல்லோரையும் ஜோடி சேர்த்தார். காலையில் எழுந்து, முகம் கழுவி, பாயைச் சுருட்டி வைத்த பிறகு, ஏழு மணிக்குள் ஜோடிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. எழுந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். வரவில்லை என்றால் மற்றவர் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

எனக்கு வாய்த்தவள் தெய்வானை. அக்கரையில், குமாரபாளையத்தில், புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறையில் குடியிருப்பு. நாற்பது வயது இருக்கும், தனி ஆள். கூட்டத்திலேயே வாய்விட்டுச் சிரிக்கிறவள் அவள்தான். முதல் முறுக்கைக் கடித்தவளும் அவள்தான்.

அக்கரை என்றால் பாலம் தாண்ட வேண்டும். கதவைத் தட்ட நான் எப்படிப் போவேன் என்று மேடத்திடம் அப்போதே கேட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

ஜூன் 8, ஞாயிறு

மிஸ்டு கால் கொடுத்துவிட்டேன். அவளிடமிருந்து அதற்கு முன்பே வந்திருந்தது. டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி குடியேறியிருக்கிறது. அதற்கு வால் பாதிதான் இருக்கிறது.

ஜூன் 11, புதன்

காலையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. காரணம் ஏதாவது இருந்தால் பரவாயில்லை. காரணம் இல்லாததால் நானே தேடிப் பிடிக்கிறேன். கேஸை மூடினேனா, சென்னையில் பையன் வண்டியை வேகமாக ஓட்டுகிறானா, பள்ளிக்கூடத்தில் என் பீரோவை யாருக்காவது கொடுத்துவிட்டார்களா என்று ஒவ்வொன்றாக.

அவர் காபி போட்டுக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போனார். பல்லி இன்று லைட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஜன்னல் வழியாகத் தென்னை மட்டை ஒன்று தொங்குவது தெரிகிறது, இன்றோ நாளையோ விழும்.

மிஸ்டு கால் நேரத்துக்குக் கொடுத்துவிட்டேன். இந்த விஷயத்தில் மட்டும் நான் ஒழுங்கு.

ஜூன் 14, சனி

இன்று பயம் கொஞ்சம் குறைவு. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற நஞ்சப்பன் அண்ணன், தூக்கம் வராமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பதைச் சொன்னார். நாய்கூடக் குரைப்பதை விட்டுவிட்டதாம்.

தெய்வானை தன் கதையைச் சொல்வதே வேறு மாதிரி. புருஷன் வேறு குடும்பம் தேடிக்கொண்டான், அதற்குப் பிறகு கூடவே இருந்த அம்மா போன வருஷம் போய்விட்டாள், மிஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்க மாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் அடுத்த வீட்டுக்காரி கதை மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

டீ குடிக்கும்போது, நான் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு சொல்லித் தருவேன் என்று கேட்டாள். கோ-கோவைப் பற்றிச் சொன்னேன். வரிசையில் குந்தியிருக்கிறவள் தானாக எழக் கூடாது. துரத்துகிறவள் ஓடி வந்து முதுகில் தட்டி 'கோ' என்று சொன்னால்தான் எழுந்து ஓடலாம். அதற்கு முன்னால் எழுந்தால் ஃபவுல்.

"அப்ப நானும் நல்லாத்தான் ஆடீட்டிருக்கறனுங் டீச்சர்," என்றாள். "வந்து தட்டறதுக்குத்தான் ஆளில்லை."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எஸ்தர் மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

ஜூன் 18, புதன்

மானம் போயிற்று.

ஏழு தாண்டியும் தெய்வானையின் கால் வரவில்லை. கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். அவள் விழுந்து கிடப்பது மாதிரி, கூட்டம் கூடியிருப்பது மாதிரி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் போக வேண்டும், அதுதான் விதி. நான் கேட் வரைக்கும் போனேன். பிறகு திரும்பி வந்து அவரை அனுப்பினேன். ஆபீஸுக்குப் பர்மிஷன் சொல்லிவிட்டுப் பாலம் தாண்டிப் போனார் மனுஷன்.

அங்கே ராத்திரி அடித்த காற்றில் கரண்ட் போய், அவள் போன் செத்திருக்கிறது. அவள் பால் வாங்கப் போயிருக்கிறாள். இவர் சும்மா இருந்திருக்கலாம். பூட்டிய கடையைப் பார்த்துப் பதறிப்போய், முன் வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அம்மாவிடம், "மனநலக் கூட்டத்துல என்ர சம்சாரத்துக்கு ஜோடிங்க, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்டிருக்கிறார். தெருவில் நாலு பேர் நின்றிருக்கிறார்கள். தெய்வானை பால் பாக்கெட்டோடு அப்போதுதான் வந்து சேர்ந்தாளாம்.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னது ஒன்றுதான். இனிமேல் உறுதியாகத் தெரியாமல் தன்னை ஓட விடாதே என்று. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பேயை நான் என்னோடு வைத்துக்கொள்ளாமல் அவள் தெருவுக்கும் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 21, சனி

கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். எஸ்தர் மேடம் திட்டவில்லை. பயம் வரும்போது உடனே ஓடாமல் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கச் சொன்னார். இது நடந்திருக்கிறதா, நான் நினைக்கிறேனா? இதற்கு முன்னால் நினைத்தபடி நடந்திருக்கிறதா? கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் என்ன?

இறங்கும்போது தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் கால் வரவில்லை என்றால் பதற வேண்டாம் என்றாள். வீட்டுக்கார அம்மா இப்போதெல்லாம் தன்னை ஒரு மாதிரி பார்க்கிறார்களாம், வாசலில் வந்து நிற்கிறார்களாம். வீடு காலி பண்ணச் சொன்னால் மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்றாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இனிமேல் அவளை என்னால் தொந்தரவு பண்ணக் கூடாது. இதை எழுதி வைக்கிறேன், எனக்கே ஞாபகம் இருக்க வேண்டும் என்பதற்காக.

ஜூன் 25, புதன்

தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை தனியாகப் போய் வந்தேன். பிள்ளையாருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஜூன் 28, சனி

ஆவணியில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அதற்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டைத் தெய்வானையிடம் ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தேன். புதன்கிழமை தந்துவிடுவதாகச் சொன்னாள். புடவையைப் பிரித்துக் கரையைத் தடவிப் பார்த்து, "உங்களுக்கு எடுப்பா இருக்குமுங் டீச்சர்," என்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கேட்கலாம் என்று நினைத்தேன். மூன்று கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டு, கேட்காமல் விட்டேன்.

ஜூலை 5, சனி

புடவை வரவில்லை. அடுத்த வாரமாம்.

அதற்குப் பதிலாக ஒரு கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். அவள் அம்மா வைத்ததாம். "தண்ணி ஊத்த எனக்கு நேரமே இருக்கறதில்லீங் டீச்சர், நீங்க வச்சுக்குங்க," என்று என் கையில் கொடுத்தாள். நல்ல கொழுந்து விட்ட செடி. என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாளே என்று பூரித்துப்போனேன். அவர் ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். கொல்லையில் வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் அவள் மிஸ்டு கால் கடிகாரம் மாதிரி வருகிறது. முன்பு ஆறேகாலுக்கும் வரும், ஏழாகப் போகும்போதும் வரும். இப்போது தினமும் ஒரே நேரம். தேறிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

பல்லிக்கு வால் வளர்கிறது.

ஜூலை 12, சனி

தெய்வானை வரவில்லை. ஆடித் தள்ளுபடிக்கு இப்போதே எல்லோரும் புடவை வாங்கிக் குவிக்கிறார்களாம், வேலை தலைக்குமேல் கிடக்கிறதாம். அவள் இல்லாமல் முறுக்கை யாரும் தொடவில்லை.

ஜூலை 16, புதன்

அவளைக் கூப்பிட்டுப் புடவையைக் கேட்டேன். நாளைக்கு என்றாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். தைக்கிறவர்கள் சொல்கிற நாளைக்கு எந்தக் காலத்தில் வந்திருக்கிறது? பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் மிஷின் சத்தம் கேட்கவில்லை. சாப்பிடுகிற நேரமாக இருக்கும்.

மேட்டூரில் தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. அவர் அந்தப் பக்கத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போனார். நான் எடுத்துப் படித்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

இன்றும் வரவில்லை. எஸ்தர் மேடம் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். நன்றாகத்தான் பேசினாளாம், மிஸ்டு காலும் வருகிறது என்று நானும் சொன்னேன். அந்தியூர் மலையில் முகாம் முடித்துவிட்டுப் புதன்கிழமை நேரில் போய்ப் பார்ப்பதாக மேடம் சொன்னார்.

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இது எனக்கு எப்போதும் இருப்பதுதான். இதை நம்பி ஒரு தடவை அவளைத் தெருவில் நிறுத்தியது போதும்.

ஜூலை 22, செவ்வாய். காலை

ஏழு தாண்டிவிட்டது. தெய்வானையின் கால் வரவில்லை. கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. எஸ்தர் மேடத்துக்கு மலையில் டவர் இல்லை.

பதறக் கூடாது. இது நடந்திருக்கிறதா, நான் நினைக்கிறேனா? நினைக்கிறேன். இதற்கு முன் நினைத்தபடி நடந்ததா? இல்லை, பால் வாங்கப் போயிருந்தாள். பொறுத்துப் பார்த்தால் என்ன? ஒன்றும் ஆகாது. அவளே பதறாதீங்க என்று சொல்லியிருக்கிறாள். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டேன்.

கொஞ்சம் கழித்து

ரசம் வைத்தேன். தெய்வானை விஷயத்தைச் சொல்லாமலே அவரை ஆபீஸுக்கு அனுப்பினேன். இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஆனாலும் அமைதியாக இருக்கிறேன். இவ்வளவு நாளில் முதல் தடவையாகப் பயத்தை நான் ஜெயித்திருக்கிறேன். எஸ்தர் மேடம் பார்த்தால் கைதட்டுவார்.

பதினோரு மணி

கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். தண்ணீர் ஊற்ற நேரமில்லை என்றாளே. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற எவ்வளவு நேரம் வேண்டும்? அம்மா வைத்த செடியை யாராவது கொடுப்பார்களா?

போகிறேன்.

ஜூலை 23, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

அவரைக் கூப்பிடவில்லை. உறுதியாகத் தெரியாமல் ஓட விடாதே என்றாரே, எனக்கு எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. தெருமுனையில் நின்ற ஆட்டோவில் ஏறி அக்கரைக்கு என்றேன். பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் தண்ணீர் தெரிந்தது, இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு செந்நிறமாகப் போகிற தண்ணீர். என் கோ-கோ டீம் பிள்ளைகள் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வாந்தி வருகிறதா, ஓரமாக நிறுத்தட்டுமா என்று கேட்டார். நிறுத்தாதீங்க, நிறுத்தினால் இறங்கித் திரும்பி ஓடிவிடுவேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

கடை சாத்தியிருந்தது. பக்கச் சந்து வழியாகப் பின்னால் போய் அறைக் கதவைத் தட்டினேன். தட்டியதும் திறந்துகொண்டது. தாழ் போடவில்லை.

தெய்வானை சுவரைப் பார்த்துப் பாயில் படுத்திருந்தாள். அடுப்புப் பற்றவைத்து நாளாகியிருக்கும் என்று அறையைப் பார்த்தாலே தெரிந்தது. மூலையில் புடவைகள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே என் பட்டு, நான் கொடுத்த கவர்கூடப் பிரிக்காமல். நான் கூப்பிட்ட போன் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன்.

"போன் இங்கயேதானுங் டீச்சர் இருந்துச்சு," என்றாள், திரும்பாமலே. "கையை நீட்டுனா எட்டும். நீட்ட முடியல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவு ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டேன். ராத்திரியே தாழை எடுத்துவிட்டாளாம்.

"எதுக்கு?"

"கதவ ஒடைச்சாங்கன்னா ஓனரம்மாவுக்குத்தானுங்களே செலவு."

அவள் சொன்னது எனக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை நாள் அவளை நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன், நேற்று அது வரவில்லை.

"செத்துப்போயிரலாம்னு இருந்துச்சா கண்ணு?"

"இருந்துச்சுங்க. இன்னும் இருக்குது."

அவ்வளவுதான், எனக்கு வந்துவிட்டது. விளையாட்டு விழாவில் வந்த அதே மாதிரி. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. கை மரத்துவிட்டது. அவளைக் காப்பாற்ற வந்தவள் அவள் பாயைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்துவிட்டேன். தெய்வானை மெதுவாகத் திரும்பினாள். போனை எடுக்க நீளாத கை என் முதுகுக்கு வந்தது.

"மெதுவா விடுங் டீச்சர். மெதுவா. அவசரமில்லை."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. நிமிர்ந்தபோது வாசலில் வீட்டுக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வாதாட வாயைத் திறந்தேன். அந்த அம்மா நேராக உள்ளே வந்து தெய்வானையின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு வந்து கேட்டதுல இருந்து இவளப் பாத்துட்டேதான் இருக்கறேன்," என்றார். "போய்க் கேட்டா கோவிச்சுக்குவாளோன்னு வாசலோட திரும்பிப் போயிருவேன். என்ர தம்பிய இப்படித்தான் விட்டுப்போட்டோம். யாருமே கதவத் தட்டலை."

அவர் பார்த்த ஒரு மாதிரிப் பார்வை அதுதான். நாங்கள் இரண்டு பேரும் அதை எப்படியெல்லாம் அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

அந்த அம்மா கஞ்சி கொண்டுவந்து புகட்டினார். தெய்வானையை நடுவில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, இன்னும் வாசலிலேயே நின்ற அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் உடனே சேர்த்துக்கொண்டார். ஆபீஸில் இருந்த என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். என்னால் பேச்சைக் கோவையாகச் சொல்ல முடியவில்லை, ஆனாலும் பாதியிலேயே வண்டியை எடுத்துவிட்டார். வந்ததும் என்னிடம் கேட்டது, "பாலத்தத் தனியாவா தாண்டின?" என்றுதான். ஆமாம் என்றேன். அதற்குமேல் அங்கே நின்று அழக் கூடாது என்று டீ வாங்கப் போய்விட்டார்.

மலையிலிருந்து இறங்கிய எஸ்தர் மேடம் இன்று காலை நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன், மூன்று கேள்வியையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு ரசம் வைத்ததைச் சொன்னேன். அந்தக் கேள்விகள் நம் பயத்துக்கு, ஜோடி பதில் தராத காலைக்கு இல்லை, அதைத் தான்தான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். புது மாத்திரையில் தூங்குகிறாள், எழுப்பினால் இரண்டு இட்லி சாப்பிடுகிறாள். சிரிக்கவில்லை. சிரிக்காத தெய்வானையை எனக்கு இப்போதுதான் தெரியும். அவளைப் பார்க்கப் பயம் குறைவாக இருக்கிறது.

கறிவேப்பிலைச் செடி நன்றாக இருக்கிறது, ஆனால் நான் கொண்டுவர மாட்டேன், நீயே வந்துதான் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சரியென்று தலையாட்டினாள். பிறகு ஒன்று சொல்ல வேண்டும் என்றாள்.

எழுந்து முகம் கழுவிப் பாயைச் சுருட்டிவிட்டுத்தான் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது விதி. கடைசி ஒரு மாதமாக அவள் காலையில் அந்த நேரத்துக்கு எழவே இல்லையாம். போனில் அலாரம் வைத்திருந்தாளாம். அது அடித்ததும் படுத்தபடியே எனக்கு ஒரு கால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாளாம். கடிகாரம் மாதிரி வந்ததே, அதுதான் காரணம்.

"உங்கள ஏமாத்திப்போட்டனுங் டீச்சர். நீங்க பாவம், எந்திரிச்சு எனக்காகக் காத்துட்டு இருந்திருப்பீங்க."

அவளிடம் நான் பல்லியைப் பற்றிச் சொல்லவா? போர்வையை இழுத்துவிட்டேன், தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்தேன், கிளம்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே ஆற்றங்கரையில் இருக்கிறது. தெய்வானை இன்று வீட்டுக்கு வந்துவிட்டாள். ராத்திரி வீட்டுக்கார அம்மா அவளோடு படுத்துக்கொள்வார், மாத்திரையை அவரே வைத்திருந்து வேளைக்கு எடுத்துக் கொடுப்பார். எஸ்தர் மேடம் வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்ப்பார். மிஸ்டு கால் நாளையிலிருந்து மறுபடி ஆரம்பம்.

நானும் அவரும் ஸ்கூட்டரில் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தோம். போகும்போது பாலத்தில் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். வரும்போதும்தான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விழித்ததுமே ஆரம்பித்துவிட்டது. அவள் எழுந்திருப்பாளா, கால் வருமா, வராவிட்டால் அந்த அம்மா பக்கத்தில் இருக்கிறாரா என்று ஒன்றன்பின் ஒன்றாக. பொறுக்க முடியாமல் நானே முதலில் அடித்தேன். ஒரு மணி அடித்ததும் துண்டிக்கப் போனேன்.

எடுத்துவிட்டாள். எடுக்கக் கூடாது என்பதுதான் விதி. இத்தனை நாளில் இரண்டு பேரும் ஒரு தடவைகூட மீறியதில்லை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "எந்திரிச்சாச்சுங்களா டீச்சர்?" என்றாள்.

ஆச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் பல்லி, வால் முழுசாக வளர்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்ல கண்ணு. படுத்துட்டுத்தான் இருக்கறேன். மொத நாள்ல இருந்தே படுத்துட்டேதான் உனக்குக் கூப்பிட்டேன்."

போன் கட்டாகிவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"நானும் படுத்துட்டுத்தானுங் இருக்கறேன்," என்றாள். அப்புறம் சன்னமாக, "கோ," என்றாள்.

காலைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. எழுந்து நின்றேன். முதுகில் தட்டு வாங்கியவள் ஓடிப்போய் அடுத்தவளைத் தட்ட வேண்டும்.

"கோ," என்றேன்.

அந்தப் பக்கம் பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது.